வண்டிகள் விட்டுப்போன நெரிசல்

வரட்டோடையில் புதுப் பாலம் திறந்த அன்றைக்கு வண்டிகளெல்லாம் மேலே ஏறிப் போய்விட்டன. நெரிசல் மட்டும் கீழேயே நின்றுவிட்டது.

அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றுதான் ஊர் நினைத்தது. அந்த நெரிசலுக்கு வயது அப்படி. திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓர் ஓடையைத் தாண்டும் இடத்தில், வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பாலம் ஒன்று உண்டு. ஒரு பஸ் போகலாம், பஸ்ஸோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் ஒல்லி ஆள் போகலாம், அவ்வளவுதான் அகலம். கிழக்கேயிருந்து ஒரு பஸ் நுழையும், அதே நேரம் மேற்கேயிருந்து ஒரு லாரி நுழையும், நட்டநடுவில் இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். ஏதாவது ஒன்று பின்னால் போனால் வழி பிறந்துவிடும். ஆனால் வரட்டோடையில் யாரும் பின்னால் போவதில்லை. மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே அது அந்த ஊர் வழக்கம். என்றைக்கோ ஒருதரம் வண்டியைப் பின்னால் தள்ளின ஒருவனுக்குப் 'பின்தள்ளி' என்று பெயர் வைத்து, அவன் பேரனுடைய கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அந்தப் பெயரை அச்சடிக்க வைத்த ஊர் அது. வெளியூர் டிரைவர்களுக்கும் ஊர் எல்லைக்குள் வந்ததும் ஜலதோஷம் தொற்றுகிற மாதிரி அந்த வீம்பு தொற்றிக்கொள்ள, இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் வந்த கார்களும் வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, இந்தக் கரையில் ரோட்டை அடைத்து ஒரு சேனையும் அந்தக் கரையில் ரோட்டை அடைத்து ஒரு சேனையுமாக எதிரெதிரே நிற்கும்.

அந்த நிற்றலில்தான் ஊர் பிழைத்தது. கொய்யாப்பழம், வெள்ளரிப் பிஞ்சு, அவித்த கடலை, முறுக்கு, மல்லிகைப்பூ என்று எல்லாக் கூடையும் ஜன்னல் ஜன்னலாகப் போய்வரும். அந்த நிற்றலில் பிறந்த பிள்ளைகளும் உண்டு. ஆம்புலன்சில் வலி எடுத்து அங்கேயே பிறந்த ஒரு பையனுக்கு 'பாலமுருகன்' என்று பெயர் வைத்ததில் பாலத்துக்கும் பங்கு உண்டென்று லூர்தக்கா சத்தியம் செய்வாள்.

புதுப் பாலமோ ஓடையையும் கடைவீதியையும் ஒரே தாவலாகத் தாவிக் குதித்தது. நாலு வழி, நடுவில் அரளிச்செடி, உயரமான தூண்கள். ரிப்பன் வெட்டி, சந்தனம் தெளித்து, பூசணிக்காய் உடைத்து எல்லாம் முறையாகச் செய்தார்கள். ஆனால் கீழே நின்றிருந்த நெரிசலிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகலாம் என்றோ, வேண்டாம் என்றோ, உன் வேலை முடிந்தது என்றோ.

மறுநாள் காலையில் பால்கேனோடு பழைய பாலத்தில் கால் வைத்தவர் நடுப்பாலத்தில் நின்றார். முன்னால் ஆள் இல்லை, வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை, வெறும் வெயில். ஆனாலும் கால் நகரவில்லை. கொஞ்சம் பொறுத்து அரை அடி நகர்ந்தது. மறுபடி நின்றது. எதிரே யாரோ வந்து மூக்குக்கு நேரே நிற்கிற மாதிரி இருந்தது. அவர் பின்னால் போயிருக்கலாம், போகவில்லை. "யோவ், நான்தான் மொதல்ல வந்தேன்!" என்று காலியான பாலத்தைப் பார்த்துக் கத்தினார். பால் அங்கேயே தயிரானது. பிறகு ஆட்டுமந்தை ஒன்று நின்றது, பிறகு காற்று நின்றது, பிறகு மேற்குக் கரை டீக்கடையில் போட்ட உளுந்துவடையின் வாசம் பாலத்தில் சிக்கி, மத்தியானத்துக்கு மேல்தான் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் வடை தீர்ந்துபோயிருந்தது.

"வண்டி இல்லாட்டி என்னா, வளந்த எடத்த விட்டுட்டு அது எங்க போகும் பாவம்" என்றாள் லூர்தக்கா. வெள்ளரிப் பிஞ்சைக் கீறி உப்புக்காரம் தடவித் தருகிறவள். எதற்கும் பாவம் சொல்லாமல் இருக்க மாட்டாள்.

"பாவமாம்ல பாவம்!" என்றாள் பக்கத்தில் கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த தவமணி. "வேலை இல்லாம நிக்கிறது அது மட்டுமா? நாம யாரு, கலெக்டரா?"

தவமணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பது தாண்டினவள். நல்ல உயரம், நல்ல பல்வரிசை, அந்தப் பல்வரிசைக்கு உள்ளே ஒரு நாக்கு. அந்த நாக்குக்குப் பயந்துதான் இதுவரை யாரும் பெண் கேட்டு வரவில்லை என்று ஊரில் சொல்வார்கள். பழத்தை அமுக்கிப் பார்க்கிறவனைப் பார்த்து, "ஏன், அதுக்குக் காய்ச்சலா? நாடி பாக்குற?" என்று கேட்பாள். பேரம் பேசுகிறவனிடம், "கொட்டைய நான் வச்சுக்கிறேன், சதைய மட்டும் கொண்டுபோ, பாதி வெலைக்குத் தர்றேன்" என்பாள்.

அந்த நாக்குக்குப் பயப்படாத ஆள் ஒருவன் இருந்தான். பழனி பஸ்ஸின் கண்டக்டர் சுருளிவேல். மீசை பெரிது, பேச்சு சின்னது. பஸ் பாலத்தில் மாட்டிக்கொண்டால் மற்ற கண்டக்டர்கள் டிரைவரைத் திட்டுவார்கள். இவன் படிக்கட்டில் இறங்கி நின்று ஒரு கொய்யாப்பழம் வாங்குவான். அவள் திட்டுவாள். அவன் தின்பான். இன்னொன்று வாங்குவான். நெரிசல் நீளமாக இருந்த நாட்களில் அவர்கள் ஊர் உலகம் எல்லாம் பேசினார்கள். குட்டையாக இருந்த நாட்களில் மிளகாய்த்தூள் அதிகமா குறைவா என்பதை மட்டும் பேசினார்கள். பாலத்துக்கு வெளியே ஒருநாளும் சந்தித்ததில்லை. நெரிசல்தான் அவர்களுக்குக் கூடம், குளக்கரை, சினிமாக் கொட்டகை எல்லாம்.

கடைசி நாள், ரிப்பன் வெட்டுவதற்கு முந்தைய நாள், பழத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "தவமணி, என்னையக் கட்டிக்கிறியா?"

அவளுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகப் பதில் உடனே வரவில்லை. வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, மறுநாள் விழாவுக்குப் பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர்கள் எதிரே நின்ற லாரியைக் கிரேனில் கட்டி இழுத்து ஓரமாகப் போட, வழி திறந்து, டிரைவர் அந்தோணி விட்டால் போதும் என்று ஆக்சிலேட்டரை மிதிக்க, பஸ் போய்விட்டது. பின் கண்ணாடியில் ஒரு மீசை தெரிந்தது. வளைவில் அதுவும் மறைந்தது.

பிறகு பஸ் மேலேதான் போயிற்று. ஊருக்குள் வரவே இல்லை. அவன் லீவு நாளில் வந்திருக்கலாம். பதில் சொல்லாததையே பதில் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது, வரவில்லை. அவள் பாலம் முடியும் இடத்தில் இருக்கும் நிறுத்தத்துக்கு நடந்து போய் நின்றிருக்கலாம். "கேட்டவன்தான் வரணும். நான் போயி நின்னா அது பின்னால போறதாகாதா?" என்றாள். வரட்டோடைக்காரி அல்லவா. பதில் அவளுக்குள்ளேயே இருந்தது. அதன் முன்னால் நாளுக்கு நாள் திட்டுகள் வந்து வரிசையில் நின்றன.

நெரிசலுக்கு இதெல்லாம் தெரியாது, அதற்குப் பசி. தீனி இல்லாத நெரிசல் எத்தனை நாள் ஒரே இடத்தில் நிற்கும்? மெல்லப் பாலத்தை விட்டு இறங்கி ஊருக்குள் நடமாட ஆரம்பித்தது. ஒருநாள் ரேஷன் கடையில் நின்றது; தராசுத் தட்டில் விழ வேண்டிய அரிசி அந்தரத்தில் நின்று நின்று விழுந்தது. ஒருநாள் முடிதிருத்தும் கடைக்குள் புகுந்தது. பாதி மீசை எடுத்த வாத்தியார் சாயங்காலம் வரைக்கும் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலியைத் தூக்கின நேரம் மணவறையில் வந்து நின்றுகொண்டது, கை அங்குலம் அங்குலமாக நகர, நாயனக்காரர்கள் ஊதி ஊதிக் கன்னம் வீங்க, பெண் ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, "இன்னுமா கட்டல?" என்று கேட்டாள்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் அந்த ஊரை அடிக்க ஆளில்லை. காலையில் கதவைத் திறந்ததும் எதிர்வீட்டைப் பார்த்து, "இன்னைக்கு அது எந்தத் தெருவுல மதினி?" என்று கேட்பது வழக்கமானது. பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தவர்கள் எல்லாரும் அதன் பெயரைச் சொல்லித் தப்பித்தார்கள். குழாயடிச் சண்டை நடக்கும் இடத்துக்கு அது ஓடோடி வரும் என்று கண்டுபிடித்தார்கள். ஏனென்றால் அங்கேதான் இரண்டு பேர் மூக்கோடு மூக்கு நின்று பின்வாங்காமல் இருப்பார்கள், பழைய பாலத்து ருசி அதற்கு அங்கேதான் கிடைத்தது. அதனால் தேவைப்பட்டவர்கள் வீட்டு வாசலில் வேண்டுமென்றே சண்டை போட்டு அதை வரவழைத்தார்கள். வீட்டைக் காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரர் வாசலிலேயே சிக்கி நின்றார். விருந்தாளிகள் தெருமுனையிலேயே நின்று சலித்துத் திரும்பினார்கள். தபால்காரர் வீட்டுப் பெரியவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது மருமகள்கள் இருவரும் நிலைப்படியில் நின்று மூச்சுவிடாமல் சண்டை போட்டு நெரிசலை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்த, வர வேண்டியவர் எருமையோடு வெளியிலேயே மாட்டிக்கொண்டார். பெரியவர் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். அன்றிலிருந்து அந்த மருமகள்களால் சண்டையை நிறுத்தவும் முடியவில்லை.

ஊராட்சித் தலைவர் ராமபத்திரன்தான் கவலைப்பட்டார். "மேல எழுதிப் போட்ருக்கேன். ஆராய்ச்சிக்கு ஆள் வருது" என்றார்.

ஆராய்ச்சி, ரிஸ்வானா என்ற பெயரில் வந்தது. மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சாலைப் போக்குவரத்து நெரிசலைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். தோளில் முக்காலி, கழுத்தில் கேமரா, கையில் வண்டிகளின் வேகத்தை அளக்கிற ஒரு துப்பாக்கி. ஊருக்குள் பஸ் வராததால் பாலத்தின் அந்த முனையில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள். நெரிசல் அன்றைக்குப் பிள்ளையார் கோயில் முக்கில் நின்றது. அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். கை மெல்ல மெல்ல உள்ளே போனது. அவள் முகம் பொங்கல் பானை மாதிரி பொங்கியது.

"வண்டியே இல்லாத நெரிசல்!" என்றாள். "எங்க புரொபசர் இதை போர்டுல கோடாத்தான் போடுவார். இது நேர்லயே நிக்குதே!"

"நிக்கிறது மட்டுமில்ல மேடம், நேத்து எங்க அடுப்புல நின்னுச்சு. ஒல கொதிக்கல" என்றாள் லூர்தக்கா. "இந்தாங்க, வெள்ளரிக்கா. வெயில்ல வந்துருக்கீங்க பாவம்."

ரிஸ்வானா தின்றுகொண்டே தவமணியின் கூடையைப் பார்த்தாள். "ஓ, கொய்யாப்பழம் நீங்களா? பஸ்ல கண்டக்டர் கேட்டார். 'வரட்டோடைக்கா போறீங்க? அங்க இன்னும் கொய்யாப்பழம் விக்கிறாங்களா?'ன்னார். வித்தா என்னங்கன்னேன். ஒண்ணுமில்லன்னுட்டு டிக்கெட்ட ரெண்டு தரம் கிழிச்சுக் குடுத்துட்டார்."

தவமணி பழத்தைத் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மீச இருந்துச்சா?"

"மீசைதான் மொதல்ல இருந்துச்சு. பின்னாலதான் ஆள். பாவம், இந்த வெள்ளிக்கிழமையோட இந்த ரூட்டு முடியுதாம். கோயம்புத்தூருக்கு மாத்தல் வாங்கிட்டாராம். டிரைவர்கிட்ட சொல்லிட்டிருந்தார்."

கூடையில் இருந்த பழங்களைத் தவமணி திரும்பத் திரும்ப அடுக்கினாள். அன்றைக்கு வந்தவர்கள் யாரையும் அவள் திட்டவில்லை. ஊரே பயந்துபோயிற்று.

மறுநாள் காலையில் அவளே ரிஸ்வானாவின் முக்காலிக்குப் பக்கத்தில் போய்ச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். "மேடம், இது எப்பிடி நடக்குது? ஒருநா கோயில்ல இருக்கு, ஒருநா குழாயடில இருக்கு. காலா இருக்கு அதுக்கு?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் ரிஸ்வானா. சாக்கின்மேல் கொய்யாப்பழங்களை வரிசையாக வைத்தாள். "இதெல்லாம் வண்டின்னு வைங்க. நிக்குது. மொத வண்டி கெளம்பிப் போயிருது." ஒரு பழத்தை முன்னால் தள்ளினாள். "ஆனா பின்னால புதுசா ஒரு வண்டி வந்து சேருது." ஒரு பழத்தைக் கடைசியில் வைத்தாள். "இப்ப பாருங்க. முன்னால இருந்தது காலி, பின்னால ஒண்ணு கூடிருச்சு. வண்டியெல்லாம் முன்னால போகுது. ஆனா நெரிசல் பின்னால போகுது. உலகம் பூரா எல்லா நெரிசலும் இப்பிடித்தான். போறவங்களுக்கு எதிர்த்தாப்புல நகரும்."

தவமணி பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருமே பின்னால போகாத ஊர்ல பின்னால போறது இது ஒண்ணுதானா?"

"அப்படியும் சொல்லலாம்."

"அப்ப சனங்க கெழக்க நடந்தா இது மேக்க போகும்."

"ஆமா."

"சனங்க மேலேருந்து கீழ எறங்குனா?"

"இது கீழேருந்து மேல ஏறும்" என்று சொல்லி முடித்த பிறகுதான் ரிஸ்வானா தலையைத் தூக்கிப் பார்த்தாள். தவமணியின் கண் புதுப் பாலத்தின் சரிவில் இருந்தது. "அக்கா! நான் நெரிசலக் குறைக்கிறதுக்கு ஆராய்ச்சி பண்றவ. மேல ஏத்துறதுக்கு இல்ல!"

"கீழ கொறையுமா, கொறையாதா?"

"குறையும். ஆனா…"

"பெறகென்னா?"

தவமணி யாரிடமும் காரணம் சொல்லவில்லை. லூர்தக்காவிடம் மட்டும் சொன்னாள். அதனால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாமல் பிள்ளையார் கோயில் முன்னால் கூடி, ஊர் நன்மைக்காக நெரிசலை மேலே அனுப்புவது என்று பேசினார்கள்.

"பாலத்துல ஆள் நடக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு" என்றார் ராமபத்திரன்.

"சாமிக்குப் போர்டு படிக்கத் தெரியுமா? பால்குடம் எடுப்போம்" என்றாள் லூர்தக்கா.

"இது எந்த அம்மனுக்கும்மா மாசம்?"

"ஏதாவது ஒரு அம்மனுக்கு. எனக்கு மாதாவும் அம்மாதான். நானும் ஒரு கொடம் எடுக்குறேன்."

"பாலுக்கு எங்க போறது?"

"தண்ணி போதும். மஞ்சளக் கரைச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

தலைவர் தாடையைத் தடவிக்கொண்டார். நேற்று அவர் கொட்டாவி விட்டபோது நெரிசல் வாயில் வந்து நின்று, வாயை மூட அரைமணி நேரமானது. "சரி, ஆனா நான் பாக்கல" என்றார்.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் ஊர் கிளம்பியது. முதலில் சரிவின் அடியில் குழாயடிப் பெண்கள் நின்று ஒரு நல்ல சண்டை போட்டார்கள். தபால்காரர் வீட்டு மருமகள்கள் இருவரையும் சிறப்பு அழைப்பாளர்களாகக் கூட்டிவந்திருந்தார்கள். நெரிசல் பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து வால் ஆட்டுகிற மாதிரி வந்து சேர்ந்தது. வந்ததும் சண்டையை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் குடத்தைத் தலையில் வைத்தார்கள். தூணோரம் இருந்த இரும்புப் படிக்கட்டு வழியாக மேலே ஏறுவது, சரிவு வழியாகக் கீழே இறங்குவது, இறங்கினவர்கள் மறுபடி படிக்கட்டுக்குப் போவது என்று ஊரே ஒரு ராட்டினம் மாதிரிச் சுற்றியது. மேலேயிருந்து வருகிறவர்கள் நெரிசலுக்குள் நுழைவார்கள், நிற்பார்கள், அரை அடி நகர்வார்கள், நிற்பார்கள், அந்தப் பக்கம் வெளியே வந்து விழுவார்கள். ஒவ்வொரு ஆள் வெளியே வரும்போதும் நெரிசல் ஓர் ஆள் அளவுக்கு மேலே ஏறியது. மேளக்காரர் அடித்த அடி நெரிசலுக்குள் சிக்கி, அவர் வெளியே வந்து குச்சியைக் கீழே வைத்த பிறகும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏறுது! ஏறுது!" என்று ரிஸ்வானா துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கொஞ்சநேரத்தில் அவள் தலையிலும் யாரோ ஒரு குடத்தை வைத்துவிட்டார்கள். "மேடம், நீங்க சும்மாதான நிக்கிறீங்க."

தவமணி மட்டும் இறங்கவே இல்லை. பாலத்தின் உச்சியில், கொய்யாக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பால்குடம் என்று பேருக்குக் கூடையில் ஒரு சொம்பு வைத்திருந்தாள். மேற்கே பார்த்தாள். வெயில் பாலத்தில் பளபளத்தது. கார்கள் விர்விர்ரென்று வந்தன. ஊர்வலத்தைக் கண்டு அடுத்த பாதையில் ஒதுங்கிப் போய்க்கொண்டே இருந்தன. நெரிசல் இன்னும் சரிவின் பாதியில்தான் இருந்தது. தூரத்தில் பழனி பஸ்ஸின் பச்சை நிறம் தெரிந்தது.

"சீக்கிரம் எறங்குங்க சனியன்களா!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். "கொடத்த என்னா கொலுவா வச்சிருக்கீங்க? ஓடுங்க!"

ஊர் ஓடியது. மஞ்சள் தண்ணீர் சிந்த, பெண்கள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓட, தலைவர் ராமபத்திரன்கூடப் பார்க்காத மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார். நெரிசல் சரிவில் மடமடவென்று ஏறி, எல்லாப் பாதையையும் அடைத்து அகலமாகி, உச்சிக்கு வந்து, தவமணியின் முதுகைத் தொட்டு, அவளை உள்ளே இழுத்துக்கொண்டு, அவளுக்கு இரண்டு முழம் முன்னால் பஸ்ஸையும் பிடித்து நிறுத்தியது.

அந்தோணி பிரேக் போடவே இல்லை. பஸ் தானாக நின்றது. அந்தப் பழைய, வயிற்றுக்குள் தெரிந்த நிற்றலை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். "அடேய், இது நம்ம வரட்டோடைல்ல!" என்று சொல்லி, இன்ஜினை அணைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். பின்னால் லாரிகள் நின்றன, வேன்கள் நின்றன, பழனிக்குப் போய்த் திரும்பிய மொட்டைத்தலைக் குடும்பங்கள் நின்றன. அடுத்த பாதையிலும் எதிர்ப்பாதையிலும் வண்டிகள் முட்டி நின்றன. கீழே வெகுநாட்களாக வெறுங்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான். குடங்கள் கீழே இறங்கின, கூடைகள் தலையில் ஏறின.

சுருளிவேல் படிக்கட்டிலிருந்து இறங்கினான். நெரிசலுக்குள் இறங்குவது லேசில்லை. ஒரு காலை எடுத்து மறுகாலுக்குப் பக்கத்தில் வைப்பதற்குள் லூர்தக்கா ஜன்னலோரம் எல்லாருக்கும் வெள்ளரிப் பிஞ்சு விற்றுவிட்டாள். அவன் வந்து, தவமணிக்கு எதிரே, மூக்கோடு மூக்கு நின்றான்.

"ரோட்ட மறிச்சு நிக்கிற" என்றான்.

அவள் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஒரே ஓர் எழுத்துதான் பதில். அதை அத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தாள். ஆனால் நெரிசல் அவளுடைய வாய்க்குள்ளும் இருந்தது. உள்ளே வரிசை நின்றது. அந்த எழுத்துக்கு முன்னால் மாசக் கணக்கில் வந்து சேர்ந்த திட்டுகளெல்லாம் ஒலிப்பான் அடித்துக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்று ஒதுங்கி வழிவிட்டால் பதில் வெளியே வந்துவிடும். ஒதுங்குமா? பின்னால் போகுமா? வரட்டோடைக்காரியின் திட்டு அல்லவா.

"மீ…" என்றாள். எல்லாரும் காத்திருந்தார்கள். "…சை. மீசைய… வளக்கத் தெரியுது. பஸ்ஸ… விட்டு எறங்கி வர… காலு… இல்லையா?"

சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டுட்டு… ஓடுறவன… எந்த ஊர்ல… பாத்துருக்காங்க? பதிலு சொல்லலன்னா… இல்லன்னு… அர்த்தமா? அப்ப… டிக்கெட் கேட்டு… ஒருத்தன் பேசாம இருந்தா… எறக்கி விட்ருவியா… இல்ல… மறுபடி கேப்பியா?"

"மறுபடிதான் கேப்பாரு!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சாட்சி சொன்னது. "மூணு தரம் கேப்பாரும்மா!"

திட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. பெரியது, சின்னது, நீளமானது, பின்னால் இன்னொன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பழத்தை அமுக்கிப் பார்த்தது பற்றி ஒன்று, கோயம்புத்தூர் பற்றி நாலைந்து, பின் கண்ணாடியில் மீசையை மட்டும் காட்டிவிட்டுப் போனது பற்றி ஒரு பெரிய லாரி. சுருளிவேல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"யம்மா, எனக்கு வீட்டுல விசேஷம். சட்டுனு ஒரு பதிலச் சொல்லும்மா!" என்றார் மொட்டைத்தலைக்காரர் ஒருவர்.

"யோவ், சும்மா இருய்யா!" என்று கடலைக்காரர் அவர் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். தவமணியின் காதோரம் குனிந்து, "அவசரப்படாத தாயி. இன்னும் பாதிக் கூடை கடல இருக்கு" என்றார்.

ரிஸ்வானா பஸ்ஸின் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய துப்பாக்கி எதனுடைய வேகத்தையோ காட்டிக்கொண்டிருந்தது; அது வண்டியின் வேகமில்லை, திட்டுகளின் வேகம் என்று பார்த்ததும் புரிந்தது. "குறையுது அக்கா! வரிசை குறையுது! சொல்லிட்டே இருங்க!"

கூடைகள் அடி தெரியத் தொடங்கின. முறுக்கு தீர்ந்தது, பூ தீர்ந்தது, தவமணியின் கொய்யாக்களையும் யாரோ எடுத்து விற்றுக் காசை அவள் சொம்பில் போட்டார்கள். வெயில் மஞ்சளாகி, பாலத்துக்குக் கீழே ஊரின் ஓட்டுக்கூரைகளில் இறங்கியது. தவமணியின் குரல் கம்மியது. கடைசியாக நின்ற திட்டு ரொம்பச் சின்னது. "லூசு" என்று வெளியே வந்தது. அதற்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தில், அத்தனை நாளும் யாருடைய கண்ணிலும் படாமல் கடைசியில் நின்றிருந்த ஒரே ஓர் எழுத்து மெல்ல வந்தது.

"ம்."

பாலத்தில் ஒரு ஒலிப்பான்கூட அடிக்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக அடித்தன. ரிஸ்வானா கூரைமேல் நின்று குதித்தாள். நெரிசல் ஒரு பெருமூச்சு மாதிரி லேசாக இளகி, பஸ்ஸின் சக்கரம் அரை அங்குலம் உருண்டது. அந்தோணி கையை அவிழ்த்து, இன்ஜினைப் போட்டு, "ஏறுப்பா சுருளி, போவோம்" என்றார்.

சுருளிவேல் ஏறவில்லை. அவன் முகம் சிவந்திருந்தது. அத்தனை நாளும் பேச்சு சின்னதாகவே இருந்த ஆள், சின்னப் பேச்சுக்குள் எல்லாவற்றையும் அடக்கி அடக்கி வைத்திருந்த ஆள், தவமணியைப் பார்த்து இப்போது மெல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயில் முதல் சொல் வந்து முட்டி நின்றது. அதற்குப் பின்னால் எவ்வளவு நீளம் என்று கண்ணுக்கே தெரியவில்லை. சக்கரம் நின்றது.

லூர்தக்கா அந்த வாயைப் பார்த்தாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் கீழே எட்டிப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"ஏய், இன்னும் ஒரு கூடைய ஏத்தி விடுங்கடீ!"